எண்பத்தேழு கிலோ

காரைக்குடியில் கடல் கிடையாது.
அதனால் ஆய்வுக்கூடத்து மூலையில்
ஒரு பெட்டிக்குள் நாங்களே செய்துகொள்கிறோம்:
நூற்றுக்கு ஐந்து பங்கு உப்பு,
முப்பத்தைந்து டிகிரி வெப்பம்,
இரவும் பகலும் ஓயாத பனிமூட்டம்.
அதற்குள் தொங்கியது
உள்ளங்கை அகல மக்னீசியத் தகடு.

ஐந்நூறாவது மணி
ஞாயிற்றுக்கிழமை விடியலில் வந்தது.
கோட்டையூரிலிருந்து ஸ்கூட்டரில் போய்த்
திறந்து, கழுவி, வெளிச்சத்தில் பிடித்தேன்.
ஓரத்தில் வெள்ளையாய் ஒரு பூ,
கடுகளவு.
"கொப்புளம், ஒன்று" என்றெழுதி
உண்ணாமலை என்று கையெழுத்திட்டேன்.

கவச வண்டியின் பக்கக் கதவு,
பழையது, முழு உருக்கு,
நூற்று முப்பத்தெட்டு கிலோ.
எங்களுடையது
மக்னீசியச் சட்டம், நடுவில் பீங்கான் வில்லைகள்,
முதுகில் பிசினில் ஊறிய இழைத்துணி,
ஐம்பத்தொன்று.
அறிக்கையில் டீசல் பற்றி எழுதினோம்.
பாலம், டயர், மலையேற்றம்,
விமானத்தில் ஏற்றும் வசதி,
எல்லாவற்றுக்கும் வரைபடம் உண்டு.

ஹவில்தார் சூசைமாணிக்கம்
தேவகோட்டை பஸ்ஸில் வந்திறங்கினார்,
கையில் சாப்பாட்டுத் தூக்கு.
வரைபடங்களை மரியாதையாகப் பார்த்தார்.
பிறகு சொன்னார்:
"வாய்க்கால்ல சாஞ்சிருச்சு, மேடம்.
வண்டி சாஞ்சா
கதவு கதவா இருக்காது. கூரையாயிரும்.
கழுத்து மட்டும் தண்ணி. இருட்டு.
அத அப்படியே
மேல தூக்கித்தான் திறக்கணும்.
உள்ள நாலு பேரு."

எத்தனை பேர் வெளியே வந்தார்கள் என்று
அவர் சொல்லவில்லை.

அப்புறம் தொப்பியைக் கழற்றி
என் மேசைமேல் வைத்துவிட்டுத்
தரையில் மல்லாந்து படுத்தார்.
"எம்மேல வையுங்க."
விதிமுறையில் அப்படி ஒரு சோதனை இல்லை.
இரண்டு பேர் ஓரம் பிடிக்க, மெல்ல இறக்கினோம்.
முழங்கால் மடங்கியது. மூச்சு ஒன்று கேட்டது.
கதவு எழுந்தது
தோசையைப் புரட்டுவதுபோல.

"இன்னொருக்கா" என்றார்.
எழுந்தது.
"இன்னொருக்கா."
நாலாவது முறை எதற்கென்று
நாங்கள் யாரும் கேட்கவில்லை.
எழுந்து, சட்டை முதுகைத் தட்டிக்கொண்டு,
கழுவுதொட்டி எங்கே என்று விசாரித்து
முகத்தை வெகுநேரம் கழுவினார்.

மாசியில் கடிதம் வந்தது.
கதவுக்கு ஒப்புதல்.
இரண்டாம் பத்தி:
மிச்சமாகும் நூற்றெழுபத்துநாலு கிலோவுக்கு
ஆறு குண்டுப் பெட்டிகள்
கூடுதலாக ஏற்றிக்கொள்ளலாம்.
பெருக்கிப் பார்த்தேன். பெட்டிக்கு இருபத்தொன்பது.
ஒரு கிராம் வீணாகவில்லை.

ஆக, வண்டி பழைய எடையே.
பாலத்துக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை.
டீசல் அதே டீசல்.
அந்தப் பெட்டிகள் போய்
யார் வீட்டுக் கதவைத் தட்டும் என்பதற்கு
எங்கள் படிவத்தில் கட்டம் இல்லை.
நானும் போடவில்லை.

சூசைமாணிக்கத்துக்கு போன் செய்து
பெட்டிக் கணக்கைச் சொன்னேன்.
காற்று இரைந்தது; எந்த மலையோ.
"கதவு லேசுதான?" என்றார்.
லேசுதான்.
"அப்பச் சரி, மேடம்."
சரி என்ற சொல்லின் எடையை
எந்தத் தராசில் வைப்பது என்று
இன்னும் தெரியவில்லை.

ஒப்பிடுவதற்காக வந்திருந்த பழைய கதவு
நான்காக வெட்டுப்பட்டு ஏலத்துக்குப் போனது.
செக்காலை ரோட்டுப் பக்கம்
இரும்புக்கடை காட்டுபாவா எடுத்தார்.
ரசீதுக்காக நின்றிருந்தேன்.
ஒரு துண்டை விரலால் சுண்டினார்,
கோயில் மணிபோல் ஒலித்தது.
தூக்கிப் பார்த்து, முடியாமல்,
பையனைக் கூப்பிட்டு, இருவருமாய்
தராசில் போட்டார்கள்.
முள் பாய்ந்து போய் நின்றது.
காட்டுபாவா முகமெல்லாம் சிரிப்பு:
"என்னா கனம்!
இதுல்ல பொருள்."