புள்ளும் புள்ளியும்

மொண்டேவிதேயோவில் மழை வந்தால்
படச்சுருளுக்குத்தான் முதலில் தெரியும்.
டப்பாவைத் திறந்ததும் காடி நெடி.
நிபியா எட்செவெர்ரி
முகத்தைத் திருப்பிக்கொண்டு நூறுவரை எண்ணுவாள்.
பிறகுதான் கையுறை.

முப்பத்தெட்டில் எடுத்த படம்.
மூலச்சுருள் எரிந்துபோனது.
மிஞ்சியது ஐம்பத்தாறில் போட்ட ஒரே பிரதி,
அதுவும் சுருங்கிப்போய்,
ஓரத்துளைகள் இயந்திரத்தின் பல்லுக்கு ஒத்துவராமல்
செருப்பு மாற்றிப் போட்டவன்போல
தடுக்கித் தடுக்கி ஏறியது.

கதை ஒன்றும் பெரிதில்லை.
துறைமுகத்தில் இறைச்சிப் பெட்டி சுமக்கும் ஒருவன்,
கப்பலேறிப் போய்விட்ட ஒருத்தி,
நடுவே யாரும் கேட்காத ஒரு நடனம்.
இவர்களுக்குப் பின்னால் வானம்.
வானத்தில்தான் வில்லங்கம்.

நொடிக்கு இருபத்துநான்கு வானம்.
ஒவ்வொன்றிலும் கீறல், பூஞ்சை போட்ட கோலம்,
எந்தத் தியேட்டர் ஆபரேட்டருடையதோ
ஒரு கட்டைவிரல் ரேகை.
மென்பொருளுக்கு ஒரே விதி சொல்லியிருந்தார்கள்:
முன் சட்டகத்திலும் இல்லை, பின் சட்டகத்திலும் இல்லை என்றால்
அது இல்லவே இல்லை.
ராத்திரி முழுக்கத் துடைத்தது.
விடிந்து பார்த்தால் வானம்
கல்யாணத்துக்கு வெள்ளையடித்த சுவர்.

வாஷிங்டன் கைதட்டினான்.
(அவன் பெயரே அதுதான், அந்த ஊரில் அப்படி வைப்பதுண்டு.)
நிபியா தட்டவில்லை.
நாயகன் தலை நிமிர்த்துகிறான்.
அவன் கண் இடமிருந்து வலமாக எதையோ தொடர்கிறது,
தொடர்ந்து போய்
ஒன்றுமில்லாத இடத்தில் நிற்கிறது.
எதைப் பார்க்கிறான்?

கடற்காகங்களை.
ஒரு சட்டகத்தில் இருந்த இடத்தில்
அடுத்ததில் இல்லை என்பதால்
தூசிக் கணக்கில் போய்விட்டன
முந்நூறோ நானூறோ.

தமிழில் ஓர் எழுத்து கூடினால்
புள், புள்ளியாகிவிடும்.
அவள் மொழியில் அந்த வசதி கிடையாது.
இயந்திரத்துக்கு மட்டும் எப்படியோ
தமிழ் தெரிந்திருக்கிறது.

பதினோரு வாரம்.
மாத்தே குடுவையை உள்ளே கொண்டுவரக் கூடாது.
வாசலில் நின்று உறிஞ்சிவிட்டு வந்து
ஒன்றொன்றாகத் திருப்பிவிட்டாள்.
வெள்ளையா, மூலத்தில் ஒட்டிய தூசி, போகலாம்.
கறுப்பா, இந்தப் பிரதியில் ஒட்டியது, போகலாம்.
சாம்பல் நிறம், ஓரத்தில் கொஞ்சம் கலங்கல்,
அடுத்த சட்டகத்தில் ஒரு விரல் தள்ளி
அதன் கூடப்பிறந்தது:
பற.

மூன்றாம் ரீலில் நாயகி அழும்போது
திரையின் மேல்விளிம்பில் ஒரு முடி ஆடுகிறது,
ஏழு நொடி.
இதையாவது எடுத்துவிடலாமே, என்றான் வாஷிங்டன்.
அது அன்றைக்கே கேமராவுக்குள் சிக்கிய முடி, என்றாள்.
அதற்குப் பிறகு சேர்ந்த அழுக்குக்குத்தான் நமக்குச் சம்பளம்.
அவர்கள் செய்த பிழையில்
நமக்கென்ன பாத்தியதை?

41,207.
அந்தச் சட்டகத்தில் ஒரு புள்ளி.
சாம்பலுமில்லை, கறுப்புமில்லை.
முன்னும் இல்லை, பின்னும் இல்லை கூடப்பிறந்தது.
பெரிதாக்கினாள்.
பெரிதாக்கப் பெரிதாக்க
அது மணல்மணலாய்ப் பிரிந்து
பதில் சொல்லாமல் நின்றது.
மூன்று நாள் அதன்மேல் கர்சர் வட்டமிட்டது,
பருந்துபோல என்று எழுத வருகிறது, வேண்டாம்,
அந்த வானத்தில் ஏற்கெனவே நெரிசல்.

விட்டுவிட்டாள்.

மார்ச்சில் திரையிட்டார்கள்.
அமைச்சகத்திலிருந்து வந்தவர்
புத்தம்புதிது என்று நான்கு தடவை சொன்னார்.
விளக்கு அணைந்தது.
இருபத்தெட்டு நிமிடம் தாண்டி முப்பத்தேழாவது நொடி என்று
உள்ளங்கையில் பேனாவால் எழுதிவைத்திருந்தாள்,
இருட்டில் அது தெரியப்போவதில்லை என்று யோசிக்காமல்.

நாயகன் தலை நிமிர்ந்தது.
வானமெங்கும் சிறகு.
பின்வரிசையில் யாரோ இருமினார்கள்.
நிபியா
அந்த நேரம் பார்த்து
இமைத்துத் தொலைத்தாள்.