ஏழாவது கூடை

உருளைக்கிழங்கு விளைந்த நிலம்.
முதல் ஆறு கூடைகள் இப்போது அங்கேதான்.
ஒளிந்துகொள்ள ஒரு புதர்கூட இல்லை.
எறிந்த தட்டு எங்கே சாய்கிறது,
எந்த இடத்தில் மனம் மாறுகிறது,
மூன்று பேருக்கும் தெரிந்துவிடும்.

கௌகோ முதல் தட்டையே
ஏரிக்கரை நாணலுக்குக் கொடுத்துவிட்டுக்
காற்றை வைதான்.
துலிக்கி வையவில்லை.
அவள் பெயருக்குள்ளேயே காற்று இருக்கிறது.
உறவுக்காரியிடம் பேசுவதுபோல
ஏதோ முணுமுணுத்துவிட்டு விரலை விட்டாள்.
மஞ்சள் தட்டு பாதி வானம் சுற்றிப் போய்
சங்கிலியில் சில்லறை கொட்டியது.

பந்தயம் ஒரு சுட்ட சாசேஜ்.
தோற்றவர் காசு.

ஏழாவது கூடைக்குக்
காட்டுக்குள் போக வேண்டும்.
ஜூலை மாலை வாசலிலேயே நின்றுவிட்டது.
உள்ளே ஊசியிலைகளின் பச்சை இருட்டு,
காதோடு பேசும் கொசு.
ஒரு கதவு அகலத்துக்கு வழி,
அதற்கப்பால் இன்னொரு கதவு, சற்றுக் கோணலாக.
இரண்டிலும் நுழைந்தால் கூடை.
நான் முதல் கதவின் நிலையிலேயே இடித்தேன்.

டொக்.

சாய்ந்த மரமொன்று
தன் வேரைச் சுவர்போல நிமிர்த்தி வைத்திருந்தது.
அதன் பின்னால், புளூபெரிச் செடிகளின் மேல்,
என் ஆரஞ்சுத் தட்டு.
அழிந்த மையில் என் பெயர்: ஹில்க்கா.
தொலைபேசி எண்ணில் கடைசி இரண்டு இலக்கம் காணோம்.
கௌகோ பெரணிக்குள் குனிந்து எதையோ தேடினான்.
துலிக்கியின் முதுகு எனக்கு நேராக இருந்தது.

பூட்ஸ் முனையால் நகர்த்தினேன்.
ஒரு சாண்.
சரி, ஒரு முழம்.

மரங்கொத்தி தட்டுவதை நிறுத்தியது.
அதன் வேலை முடிந்திருக்கலாம்.

"எத்தனை?"
"மூன்று."
துலிக்கி பென்சிலை நாக்கில் தொட்டு எழுதினாள்.
பள்ளிக்கூடத்து நர்ஸ்,
பிள்ளைகளின் காய்ச்சலை எழுதும் அதே கையெழுத்து,
சந்தேகமே படாத மூன்று.

அதற்குப் பிறகு என் கை சொன்னபடி கேட்டது.
அதுதான் எரிச்சல்.
பிர்ச் மரங்கள் விலகி நின்றன,
பதினான்காவதில் சரிவைத் தடவிக்கொண்டே போய் விழுந்தது.
கடைசிக் கூடை மறுபடி வெட்டவெளி.
ஒரே ஒரு எறியில் வென்றேன்.
கௌகோ என் முதுகில் அறைந்தான்.
துலிக்கி பணப்பையைத் திறந்தாள்,
நாணயங்களை எண்ணினாள்,
எனக்குக் கடுகை அதிகம் வைக்கச் சொன்னாள்.
நானும் தின்றேன்.
கடைசித் துண்டுவரை தின்றேன்.

பத்தரை மணி.
வெயில் இன்னும் வீட்டுக்குப் போகவில்லை,
நானும் போகவில்லை.
காரைத் திருப்பி நிறுத்திவிட்டு
தனியாக ஏழாவதுக்கு நடந்தேன்.

நசுங்கிய பழங்கள் இடத்தைக் காட்டின.
அங்கிருந்து என் பூட்ஸ் தடத்துக்கு
ஒன்றரை முழம் இருந்தது.
தட்டை அது கிடந்த இடத்திலேயே வைத்தேன்,
ஒரு முழங்காலை ஈரப் பாசியில் ஊன்றி,
வேருக்கு வெளியே கையை நீட்டி,
பக்கவாட்டில்,
அவ்வளவு நம்பிக்கையில்லாமல் விட்டேன்.

தாழ்வாகப் போனது.
இரண்டாவது கதவில் நுழைந்தது.
சங்கிலிச் சத்தம்
காடு முழுக்கக் கேட்டிருக்கும்.

"இரண்டு" என்றேன் வேரிடம்.

யாரும் பார்க்கவில்லை.
இதையும்.