முப்பத்து மூன்று பாகை

ஆகஸ்ட் கடைசியில், ஹோர்ன்ஸ்பியில்,
பன்னிங்ஸில் வாங்கிப் பரப்பிய எட்டு மூட்டை மரச்சீவலை
ஒரே காலையில் வேலியோரம் கடத்திவிட்டது
செந்தலை, மஞ்சள் கழுத்துப்பட்டி,
நட்டுவைத்த விசிறியாய் வால்.
புதர் வான்கோழி. ஆண்.

சேரும் குவியலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே
காலால் பின்னோக்கி வாரி எறிந்தது.
என் ரோஜாவும் போனது அதில்.

கவுன்சிலுக்குப் போன் போட்டேன்.
முட்டை இருக்கலாம், தொடாதீர்கள், சட்டம் என்றார்கள்.
சுகிர்தா சிரித்தாள்:
"வாடகை தராத குடித்தனம்."

பெட்டைகள் வந்தன.
ஒன்று, பிறகு வேறொன்று, மழை விட்டதும் மூன்றாவது.
அவன் பறித்த குழியில் முட்டையை இறக்கிவிட்டுத்
திரும்பிப் பாராமல் போயின.
சிலவற்றில் அடுத்த தெருக்காரனின் சாயல் இருக்கலாம்.
இவன் கணக்குக் கேட்கவில்லை.
அடைகாக்க உட்காரவும் இல்லை.
மக்கும் இலையின் சூடே அடை.

நாள் தவறாமல்
கழுத்துவரை தலையைச் செருகி
ஒரு வாய் மண் எடுத்துப் பார்ப்பான்.
கொதித்தால் உச்சியைத் திறப்பான்,
குளிர்ந்தால்
இன்னும் கொஞ்சம் என் தோட்டம்.

ஒரு ஞாயிறு, அவன் ஓடைப் பக்கம் போயிருந்த நேரம்,
இறைச்சி வாட்டும்போது குத்திப் பார்க்கிற வெப்பமானியை
மேட்டில் இறக்கினேன், திருடனைப் போல.
முப்பத்து மூன்று.
வந்தவன் என் துளையைப் பார்த்தான்.
தலையைச் செருகித் தானே பார்த்துக்கொண்டான்.
பிறகு இரண்டு வாரு கூளம் சேர்த்தான்
என் எண்ணின் மேல்.

நவம்பரில்
மேட்டின் விலாவில் ஏதோ துடித்தது.
இருட்டில் இரண்டு நாள் மல்லாந்து உதைத்து
மேலேறி வந்த பழுப்பு ஈரம்,
கண்ணிரண்டிலும் மண்.
தகப்பன் மூன்றடி தள்ளி நின்றிருந்தான்.
மூச்சைப் பிடித்தோம் நானும் சுகிர்தாவும்.

குப்பையோடு குப்பையாய்
அதையும் ஒரு வாரு வாரித் தள்ளினான்.

உருண்டது. எழுந்தது.
யாரும் கூப்பிடவில்லை, அதுவும் யாரையும் தேடவில்லை,
புல்புதருக்குள் ஓடி மறைந்தது
ஓடுவதற்கென்றே பிறந்ததுபோல்.
பக்கத்து வீட்டு லொரேனின் பூனை
ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் வாலை ஆட்டியது.
"இருநூற்றில் ஒன்று தேறுமாம்"
எங்கோ படித்ததைச் சொன்னாள் சுகிர்தா.

அவனோ மறுபடி தலையைச் செருகியிருந்தான்,
கீழே இன்னும் எத்தனையோ.

அடுத்த சனிக்கிழமை எட்டு மூட்டை வாங்கி
வேலியோரமாகவே பிரித்துக் கொட்டினேன்.
செடிகளுக்கு என்றேன்,
சுகிர்தா கேட்காமலே.