மடிப்பில் ஓர் ஓட்டை

பிப்ரவரி. புர்னோ நகரத்துப் பனி
கரிச்சேறாகிவிட்டது.
சமையலறை மேசையில்
ஜூலை மாதத்தை விரித்து வைத்திருக்கிறோம்
நானும் வெண்டெலீனும்,
பறக்காமலிருக்க நான்கு முனையிலும் நான்கு கனம்:
சர்க்கரை டப்பா, என் ட்ராம் சாவிக்கொத்து,
பாதி தின்ற ரொட்டி, அவன் முழங்கை.

வெண்டெலீன் பால் ஆலையில் கணக்கன்.
பயணம் என்றால் அவனுக்கு எடை.
மாவு நிறுக்கும் தராசில்
சட்டை, சோப்பு, டியூப், பஞ்சர் பசை
ஒவ்வொன்றாய் ஏற்றி இறக்குகிறான்.
நேற்று என் பல் பிரஷ்ஷின் கைப்பிடியைப்
பாதியாய் அறுத்துவிட்டு
ஒன்பது கிராம் மிச்சம் என்றான்,
சம்பளம் உயர்ந்தவன் முகத்தோடு.

நான் ட்ராம் ஓட்டுகிறவள்.
இருபத்திரண்டு வருடம்.
ட்ராமுக்கு ஸ்டியரிங் கிடையாது, தெரியுமா?
வளைவை வளைப்பது தண்டவாளம்;
நான் சம்மதிக்கிறவள், அவ்வளவுதான்.
ஓரத்தில் ஒரு செர்ரி மரம் பூத்திருந்தால்
கடக்கிற வேகத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்.
முதுகுக்குப் பின்னால் நூற்றுப்பத்துப் பேர்.
யாருக்கும் செர்ரி வேண்டாம்,
எட்டு மணிக்குள் போய்ச் சேர வேண்டும்.

அதனால்தான் சைக்கிள் என்றேன்.
ரயிலில் ஸ்னோய்மோ வரை,
சைக்கிள்களுக்கும் சீட்டெடுத்து.
அங்கிருந்து கிழக்கே, தியே ஆற்றை விட்டும் பிடித்தும்,
திராட்சைச் சரிவுகளின் காலடியில்.
வலக்கைப் பக்கம் ஆஸ்திரியா.
முள்வேலி நின்ற இடத்தில் இப்போது சைக்கிள் பாதை;
காவல் வண்டிகளுக்காகப் போட்டது,
அதனால் நல்ல தார் என்கிறான் வெண்டெலீன்.

பிறகு பாலவாவின் சுண்ணாம்புக் குன்றுகள்.
உயரக் கோடுகள் நெருங்கி நெருங்கி
கட்டைவிரல் ரேகை போல் நிற்கிற இடம்.
இறங்கித் தள்ளலாம் என்கிறேன்.
தள்ளுவதற்கு நேரம் ஒதுக்கவில்லை என்கிறான்.
உன் முட்டிக்கு?
பதில் இல்லை.
போன அக்டோபரில் அதைத் திறந்து பார்த்து மூடினார்கள்.
பட்டியலில் அதன் எடை மட்டும் இல்லை.

அட்டவணை வளர்கிறது.
பத்தரைக்குக் கேக்.
பதினொன்று இருபதுக்குச் சங்கிலிக்கு எண்ணெய்.
ஒன்று ஐந்துக்கு ‘இயற்கைக் காட்சி’,
பன்னிரண்டு நிமிடம்.
எவ்வளவு அழகாகத் தண்டவாளம் போடுகிறான்
இந்த மனிதன்,
புல்வெளியில்கூட!

அப்போதுதான் பார்த்தேன்.
பழைய வரைபடம்; மடித்து மடித்து
மடிப்புகள் சந்திக்கும் இடம் தேய்ந்து
சட்டைப் பொத்தான் அளவு ஓட்டை.
மூன்றாம் நாள் பாதை அதற்குள் போகிறது,
அந்தப் பக்கமாக வெளியே வருகிறது.
நடுவில் ஊர் இல்லை, கோடு இல்லை.
மேசையின் மரம் தெரிகிறது,
அதன்மேல் ஒரு ரொட்டித் துணுக்கு.

ஒரு நொடி, என்ன ஊரென்று பார்த்துவிடுகிறேன் என்று
கைபேசியை எடுத்தான்.
பிடுங்கி மேசையில் வைத்து
சூப் தட்டைக் கவிழ்த்தேன் அதன்மேல்.

அங்கே ஆப்ரிகாட் தோப்பு இருக்கலாம்.
உரக்கிடங்கு இருக்கலாம்.
படுக்கை கிடைக்கலாம், அல்லது
பேருந்து நிழற்குடையில்
உன் முட்டியை என் மடியில் போட்டுக்கொண்டு
விடிய விடிய நாம் சண்டை போடலாம்.
எதுவென்று ஜூலையில் தெரியட்டும்.

வெகுநேரம் அவன் பேசவில்லை.
குழாய் சொட்டியது.
கீழே கடைசி ட்ராம் நின்றது.
ஹெட்விகாதான்.
அவள்தான் பிரேக்கை எப்போதும்
ஒரு மூச்சு தாமதமாகப் பிடிப்பாள்.

பிறகு பென்சிலைக் கூராக்கி
மூன்றாம் நாளுக்கு எதிரே
‘தெரியாது’ என்று எழுதினான்.
அடுத்த கட்டத்தைக் காலியாக விட மனமில்லாமல்
எடை: பூஜ்யம் கிராம்
என்றும்.

எனக்கு மூன்றே முக்காலுக்கு வேலை.
விளக்கை அணைக்கும் முன்
அந்த ரொட்டித் துணுக்கை
விரல் நுனியால் ஒற்றி எடுத்துத் தின்றேன்.
ஊரின் ருசி ஒன்றும் இல்லை.
கொஞ்சம் உப்பு.