இருபது கிலோவுக்குக் கீழே

எங்கள் எடைமேடை
இருபது கிலோவுக்குக் கீழே எதையும் மதிக்காது.
பழைய மடிக்கணினியை நடுவில் வைத்துப் பார்த்தேன்,
பூஜ்யம்.
அதன் மேலேயே புதியதையும் வைத்தேன்,
பூஜ்யம்.
நானும் ஏறி நின்றேன். எண்பது என்றது.
பக்கத்தில் யாரும் இல்லாததால் பரவாயில்லை.

கொண்டலாம்பட்டி பைபாஸ், இரவு பதினொன்றரை.
ஆன்டிவைரஸ் ஒரு கருவிக்கு மட்டும்தானாம்.
இன்னும் நூற்றுப் பதிமூன்று நாள் மிச்சம் இருக்கிறது.
காசு கொடுத்து வாங்கிய நாள்களை
விட்டுவிட்டு வர நான் என்ன ஜமீனா?

போனில் ஒரு பையன்:
"முதல்ல பழசுல இருந்து எடுத்துடுங்க மேடம்,
அப்புறம்தான் புதுசுல ஏறும்.
ரெண்டுலயும் சேர்ந்து இருக்காது."
"நடுவுல?"
"நடுவுல ஒண்ணும் ஆகாது மேடம்."

நடுவில் ஒன்றும் ஆகாது என்று சொன்னவர்களுக்கு
என் கணக்கில் தனிப் பக்கமே இருக்கிறது.

இருந்தாலும் அழுத்தினேன்.
'இந்தக் கருவி பாதுகாப்பில் இல்லை'
என்று சிவந்தது பழையது.
மறுகணம் அதன் விசிறி நின்றது.
ஆறு வருஷமாக இரைந்துகொண்டிருந்ததை
அதன் சுபாவம் என்றல்லவா நினைத்திருந்தேன்.

இனி இருபத்தைந்து எழுத்து.
எடைச் சீட்டின் முதுகில் நானே எழுதியது.
ஒன்பதாவது ஓவா, பூஜ்யமா?
பூஜ்யத்தையே பார்த்துப் பிழைக்கிறவளுக்கு
பூஜ்யம் அடையாளம் தெரியவில்லை.
மூன்றாம் முறைதான் ஏற்றுக்கொண்டது.
'இறங்குகிறது, ஏழு நிமிடம்.'

அந்த ஏழு நிமிடத்தில்தானா வரவேண்டும்
சோலாப்பூருக்கு ஜவ்வரிசி ஏற்றிய லாரி?
மேடை முனகியது.
பொன்னுரங்கம் இறங்கி வந்து
ஜன்னல் வழியே பென்டிரைவை நீட்டினார்.
"பில்லை ஒரு பிரிண்ட் போட்டுக் குடுங்க அக்கா."
"பொறுங்க. காவல் மாறுது."
காவல் என்றதும் ரோட்டைத் திரும்பிப் பார்த்து
ஆர்.சி.புக்கைத் தேடத் தொடங்கிவிட்டார்.

வடக்கே சேர்வராயன் இருட்டில்
கொண்டை ஊசி வளைவொன்றில்
ஒரு விளக்கு தெரிந்தது, மறைந்தது, மறுபடி
இன்னும் கொஞ்சம் மேலே தெரிந்தது.
அறுபத்தெட்டு சதவீதம்.

பச்சை வந்ததும்
எடை மென்பொருளைத் திறந்தேன்.
புதிய காவல்காரன் குறுக்கே கை நீட்டினான்:
'இதை எழுதியவர் யாரெனத் தெரியவில்லை.
தடுத்திருக்கிறோம்.'

பழையதில் எப்போதோ அனுமதித்திருந்தேன்.
பாதுகாப்பு வந்துவிட்டது.
நம்பியவர்களின் பட்டியல் மட்டும்
கூட வரவில்லை.

எழுதியவன் யாரென எனக்குத் தெரியும்.
அங்கமுத்து.
மூன்று ராத்திரி இதே நாற்காலியில் உட்கார்ந்து எழுதினான்.
நாலாம் நாள் பதினெட்டாயிரம் கடன் வாங்கிக்கொண்டு
ஓசூர் போனவன் போனை எடுப்பதில்லை.
ஆனால் ஆறு வருஷத்தில்
ஒரு மூட்டைகூடக் கூட்டிக் காட்டியதில்லை
அவன் எழுதியது,
ஒரு மூட்டை குறைத்ததும் இல்லை.

'எழுதியவரை நம்புகிறீர்களா?'
ஆம், இல்லை. இரண்டே பொத்தான்.
அவனை இல்லை, அவன் எழுதியதை ஆம் என்று சொல்ல
மூன்றாவதாக ஒன்று வைத்திருக்கலாம்.

ஜன்னலுக்கு வெளியே பொன்னுரங்கம்
தட்டுவடையை நொறுக்கிக்கொண்டிருந்தார்.
ஆம் என்றேன்.

இருபத்து நாலாயிரத்து முந்நூற்று எண்பது.
எண் ஆடாமல் நின்றது.

பிறகு பென்டிரைவைச் செருகியதும்
புதியவன் முதல் வேலையாக மூன்றைப் பிடித்தான்.
"அது என் மச்சானோடதுக்கா" என்றார்,
எல்லா மச்சான்களின் சார்பிலும் வெட்கப்பட்டு.
பில்லை மட்டும் எடுத்து அச்சடித்தேன்.
கூலி எண்பது ரூபாய்.

லாரி இறங்கிப் போன பிறகும்
மேடை இருபது காட்டியது.
டயர் மண்ணாக இருக்கும்.
விளக்குமாறை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.