மனை எண் 114

லாட்கலேயின் கிழக்கு ஓரம்.
எல்லைக் கம்பிக்கு இப்பால் மூன்று கிலோமீட்டர்.
வரைபடத்தில் நான் நீலம் பூசிய இடத்தில்
ப்ரொனிஸ்லாவா உருளைக்கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தாள்.

பாதுகாப்பு அமைச்சகம், நிலப் பிரிவு என்றேன்.
கையைப் பாவாடையில் துடைத்து
அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தாள்.
"படத்தில் இளைத்திருக்கிறாய்."

பதினொரு ஹெக்டேர். ஏழு புல்வெளி,
மிச்சம் பிர்ச் மரங்களும் கரிமண்ணும்.
முன்பு முழுக்கச் சதுப்பு.
கூட்டுப்பண்ணைக் காலத்தில் அவள் கணவன் டொனாட்ஸ்
ஒன்பது கோடை வாய்க்கால் வெட்டி
நீரை ஆற்றுக்கு ஓட்டினான்.
கொடுத்த பதக்கம் ஆணிப் பெட்டியில் கிடக்கிறது.

விளக்கினேன்:
டாங்கி ஒன்று நாற்பத்தாறு டன்.
வாய்க்கால்களை அடைத்துவிட்டால்
இரண்டே வசந்தத்தில் மண் கஞ்சியாகிவிடும்.
சுவர் வேண்டாம். கண்ணிவெடி வேண்டாம்.
ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள்;
விடுவான் ஒருவன் என்பதுதான்
எங்கள் திட்டத்தின் இரண்டாம் பத்தி.

"பசு?" என்றாள்.
பசுவும் புதையும்.
"அவர்கள் வராமலே போய்விட்டால்?"
மோவாய் கிழக்கே நீண்டது.
வராவிட்டால் சதுப்பு சும்மா கிடக்கும் என்றேன்.
சும்மா கிடப்பதற்கும்
ஹெக்டேருக்கு இவ்வளவு என்று
நான்காம் இணைப்பில் தொகை உண்டு.

அவள் தொகையைப் படிக்கவில்லை.
படத்தைத் தலைகீழாகத் திருப்பி
நீலத்தின் மேல் மண் படிந்த விரலை வைத்தாள்.
"இங்கே ஒன்று விட்டுப்போயிருக்கிறது."

கொட்டகைக்குப் பின்னால் நடந்தோம்.
காட்டுப் பூண்டை மண்வெட்டியால் ஒதுக்கினாள்.
அடியில் களிமண் குழாயின் வாய்.
சொட்டிக்கொண்டிருந்தது.
மாஸ்கோவின் பழைய படத்தில் இல்லை,
ரீகாவின் புதிய படத்தில் இல்லை,
எங்கள் செயற்கைக்கோளும் பார்த்ததில்லை.

நாற்பத்திரண்டு குழாய்கள்.
பண்ணைக் கிடங்கிலிருந்து இரவுகளில் சுமந்து
முட்டைக்கோசுப் பாத்தி காய்வதற்காகப் புதைத்தவை.
"இதை விட்டுவிட்டு எதை அடைத்தாலும்
நீர் இந்த வழியாகப் போய்விடும்.
உன் டாங்கி பாட்டுப் பாடிக்கொண்டே வரும்."

குறிப்பேட்டைத் திறந்தேன்.
"எழுது. திருடியது நான்.
டொனாட்ஸுக்கு அவன் சாகும்வரை தெரியாது.
மண்ணைத் தானே உலர்த்தியதாக நினைத்திருந்தான்."

அரசுப் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
"மறைநிலை வடிகால், ஒன்று;
உரிமையாளர் சுட்டிக்காட்டியது" என்று எழுதிப்
பேனாவை அவளிடம் நீட்டினேன்.

வாங்கவில்லை. வானத்தைப் பார்த்தாள்.
மேற்கே மழை திரண்டிருந்தது.
இன்னும் ஆறு சால் பாக்கி.

"முதலில் கிழங்கு ஏறட்டும்" என்றாள்.
"அந்தச் சாக்கைப் பிடி."