எடைக் குறிப்பு

பீடோர் முதியோர் இல்லத்துச் சமையலறையில்
ஒட்டியிருக்கும் தாள் சொல்கிறது:
உப்பு பாதி. எல்லாம் மசித்து.
எட்டு மணிக்குப் பசியாறல்.

ஏழாம் நம்பர் கட்டில் அரிக்கண்ணு
எட்டு மணிக் கஞ்சியைத் தொட்டதில்லை.
போன மாதம் நாற்பத்தொன்று.
இந்த மாதம் முப்பத்தொன்பதரை.
செம்பனை லாரி போகையில் தராசு முள் நடுங்கும்;
அது நிற்கும்வரை காத்திருந்து,
சட்டைப்பைச் சில்லறையையும் எடுத்து வைத்தார்.
கணக்கு சரியாக இருக்கணுமாம்.

பல்லா, மாத்திரையா, மனசா
என்று டாக்டர் கேட்டார்.
வயிறு எத்தனை மணிக்கு விழிக்கும் என்று
நானும் கேட்கவில்லை.

இரவு வேலைக்கு மாறிய அன்றுதான் பார்த்தேன்.
நாலரைக்கே
சப்பாத்து மாட்டி உட்கார்ந்திருந்தார்.
நாற்பது வருஷம் பால்வெட்டுக்குப் போன வயிறு
ஐந்துக்குக் கூப்பிட்டு,
யாரும் வராமல்
ஆறுக்கு அடங்கிப்போகிறது.

இப்போது ஐந்துக்கே
கொதிக்கும் மைலோவில் அடித்த முட்டை,
ஓரம் நறுக்கிய ரொட்டி,
அதன்மேல் நுனிவிரல் சம்பல்,
தாளில் இல்லாதது.

நாற்பது.

நேற்றிலிருந்து பக்கத்துக் கட்டில் ஆ லெக்கும்
இருட்டில் கோப்பையை நீட்டுகிறார்.
முட்டைத் தட்டு வெள்ளிவரை தாங்காது.
மேட்ரனிடம் எப்படிச் சொல்ல?